குன்னூர் படிக்கட்டுப் புத்தகக் கடையும் ஒரு கடலின் வயதும்

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மவுண்ட் ரோடு வழியாக பெட்ஃபோர்டுக்கு நடந்தால், பாதி ஏற்றத்தில் இடது பக்கம் ஒரு படிக்கட்டு கீழே இறங்கும். பதினேழு படி. அதன் அடியில் தகரக் கூரை போட்ட இரண்டு அறைதான் கடை. பெயர்ப் பலகை கிடையாது. கதவில் சாக்பீஸால் 'பழைய புத்தகம்' என்று எழுதியிருக்கும். மழை அடித்தால் அதுவும் அழிந்துவிடும். இரண்டு வருடமாகக் கோத்தகிரியிலிருந்து மாதம் ஒரு முறையாவது இங்கே போய் வருகிறேன். இந்தக் கடையைப் பற்றி யாராவது எழுதியிருப்பார்கள் என்று தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் பள்ளியில் முப்பது வருடம் புவியியல் சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு சிறுவர்களுக்கான ஒரு சின்ன அறிவியல் இதழில் எழுதி வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் மத்தியதரைக் கடல் வற்றிய கதையை எழுதினேன். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் கிடக்கும் அந்தக் கடலுக்கு ஒரு காலத்தில் அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பு அறுந்துபோனது. ஆவியாகும் நீர் அதிகம், மழையும் ஆறும் கொண்டு வரும் நீர் குறைவு. கடல் மட்டம் இறங்கியது, அடியில் உப்பு படிந்தது. பிறகு ஜிப்ரால்டர் பக்கம் வழி திறந்து மறுபடியும் நிரம்பியது. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எது? வீட்டில் இருந்த மூன்று தமிழ்ப் புத்தகங்களை மேசையில் பரப்பி வைத்து, ஒரே வாரத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றிலும் '5.3 கோடி ஆண்டுகளுக்கு முன்' என்றுதான் இருந்தது. மூன்று புத்தகம் ஒரே மாதிரி சொல்லும்போது சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

இதழ் வெளிவந்து பத்து நாளில் கூடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எட்டாம் வகுப்பு மாணவி. "இது மயோசீன் காலத்தின் கடைசியில் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மயோசீன் தொடங்கியதே 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்று படித்தேன். அப்படியென்றால் 5.3 கோடி எப்படி வரும் டீச்சர்?" என்று கேட்டிருந்தாள். நான் என் பழைய வகுப்புக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஆங்கிலத்தில் 5.33 மில்லியன். தமிழில் அது 53 லட்சத்து 30 ஆயிரம். யாரோ ஒருவர் மில்லியனைக் கோடியாக்கிவிட்டார். பத்து மடங்கு பிழை. முப்பது வருடம் வகுப்பில் நின்று மயோசீன் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியவள், அந்த எண்ணைக் கண்ணால் பார்த்தும் கடந்துபோய்விட்டேன். அது எனக்கு மிகவும் வலித்தது. திருத்தம் போட வேண்டும், கூடவே கட்டுரையையே முழுதாகத் திரும்ப எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். நல்ல புத்தகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தபோதுதான் இந்தப் படிக்கட்டைக் காட்டினார்கள்.

கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் அண்ணா என்று கூப்பிடுகிறேன், அவர் முதல் நாளிலிருந்தே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். தேயிலைக் குடோன் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவர். அந்த வேலையின் பழக்கம் கடையில் அப்படியே இருக்கிறது. கதை, கவிதை எல்லாம் மற்ற கடைகளைப் போலத்தான் அடுக்கியிருக்கிறார். அறிவியல் புத்தகங்களை மட்டும் எழுத்தாளர் பெயர்ப்படி வைக்கவில்லை, தலைப்புப்படியும் வைக்கவில்லை. வெளியான வருடப்படி வைத்திருக்கிறார். இடது கோடியில் பழையது, வலது போகப் போகப் புதியது. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் மேல் மூலையில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதியிருக்கும்: எந்த வருடம் அச்சானது, எந்த வருடம் கடைக்கு வந்தது, எங்கிருந்து வந்தது. 'கோத்தகிரி, எஸ்டேட் பங்களா', 'வெலிங்டன், ஓய்வு பெற்ற ராணுவ வீடு', 'ஊட்டி, காலி செய்த பள்ளி அலமாரி' என்று இப்படி. நீலகிரியில் பழைய ஆங்கிலப் புத்தகம் இந்த அளவுக்குக் கிடைப்பதற்குக் காரணமே இந்த வீடுகள்தான். இங்கே வந்து தங்கியவர்கள் நிறையப் படித்தார்கள், போகும்போது விட்டுவிட்டுப் போனார்கள்.

ஏன் இப்படி எழுதி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "டீச்சர், ஏலத்துக்கு வரும் சரக்கில் எந்த ஃபாக்டரி, எந்த கிரேடு, என்ன இன்வாய்ஸ் நம்பர் எல்லாம் மூட்டை மேலேயே இருக்கும். அது இல்லாத மூட்டைக்கு எவன் கை தூக்குவான்? புத்தகத்துக்கு மட்டும் ஏன் யாரும் கேட்கிறதில்லை?" என்றார்.

என் மூன்று தமிழ்ப் புத்தகங்களையும் பையில் கொண்டு போயிருந்தேன். அவற்றை அவர் மேசை மேல் வைத்து, என் பிழையையும் சொன்னேன். அவர் புவியியல் படித்தவர் அல்ல. மூன்றையும் வாங்கி முன் பக்கத்தைப் புரட்டி வருடத்தைப் பார்த்தார். 1998, 2004, 2011. "அப்படியென்றால் முதலில் வந்தது இது. மற்ற இரண்டும் இதைப் பார்த்து எழுதியதா என்று பாருங்கள்" என்றார். எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு, "சரியாக இருப்பதைப் பார்த்தால் தெரியாது. தப்பாக இருப்பதைப் பாருங்கள்" என்றார்.

அன்று மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகலான இடம் 14 கிலோமீட்டர். 1998 புத்தகத்தில் இலக்கம் முன்பின் மாறி 41 என்று அச்சாகியிருக்கிறது. 2004 புத்தகத்திலும் 41. 2011 புத்தகத்திலும் 41. ஆழ்கடலில் துளையிட்ட 'குளோமர் சேலஞ்சர்' என்ற கப்பலின் பெயர் மூன்றிலும் 'குளோபல் சேலஞ்சர்' என்றே இருக்கிறது. உண்மையை மூன்று பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்து எழுத முடியும். ஒரே அச்சுப் பிழையை மூன்று பேர் தனித்தனியாகச் செய்ய முடியாது. எனக்கு இருந்தது மூன்று சான்று என்று நினைத்திருந்தேன், கையில் இருந்தது ஒன்றுதான். அந்த ஒன்றின் முன்னுரையில் 1994இல் வந்த ஓர் ஆங்கில நூலைத் தழுவியது என்று குறிப்பு இருந்தது. அந்த ஆங்கில நூல் இதே கடையில் வலது பக்க அடுக்கில் இருந்தது. திறந்து பார்த்தேன். தெளிவாக 5.3 மில்லியன். ஆக, பிழை பிறந்த இடம் தமிழாக்கம். அது எந்தப் பதிப்பகம் என்பது இங்கே தேவையில்லை. மில்லியன், பில்லியன், லட்சம், கோடி மாறும் இடத்தில் தமிழில் வரும் அறிவியல் நூல்கள் அடிக்கடி வழுக்குகின்றன என்பதை மட்டும், எழுதுகிற மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இந்தக் கடையின் உண்மையான பயன் அந்த வருட அடுக்கில் இடமிருந்து வலமாக நடக்கும்போதுதான் தெரியும். நான் ஐந்தாறு முறை போய் அதைச் செய்தேன். மத்தியதரைக் கடல் என்று வரும் பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தேன். 1970க்கு முந்தைய நூல்களில் சிசிலித் தீவின் ஜிப்சம் பாறைகளைப் பற்றி இருக்கிறது. கடல் நீர் வற்றும்போது படிவது ஜிப்சம். மயோசீனின் கடைசிப் பகுதிக்கு 'மெசினியன்' என்ற காலப் பெயரும் இருக்கிறது. அதை 1867இல் கார்ல் மாயர் ஐமர் வைத்தார், சிசிலியின் மெசினா ஊரை வைத்து வந்த பெயர். ஆனால் ஆழ்கடலுக்கு அடியில் உப்பு கிடப்பது பற்றி அவற்றில் உறுதியாக ஒன்றும் இல்லை. அந்த ஆசிரியர்கள் கவனக் குறைவாக எழுதவில்லை. அப்போது யாரும் அங்கே துளை போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

1970 ஆகஸ்டில் குளோமர் சேலஞ்சர் தன் பதின்மூன்றாவது ஆய்வுப் பயணத்தில் மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தது. வில்லியம் ரயன், கென்னத் ஷு இருவரும் பயணத்தின் அறிவியல் தலைவர்கள். நுண்ணுயிர்ப் படிமங்களைப் பார்த்துக் காலம் சொன்னவர் மரியா பியாங்கா சீத்தா. ஆழமான நீருக்கு அடியில் போட்ட துளைகளில் ஜிப்சம், அதன் நீரற்ற வடிவமான அன்ஹைட்ரைட், கல் உப்பு எல்லாம் மேலே வந்தன. கடல் வற்றியது என்ற கருத்தை மூவரும் 1973இல் எழுதினார்கள். அதற்கு அடுத்து வந்த நூல்களைப் படித்தால் ஓர் உற்சாகம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பாலைவனம், உப்புப் பாளம், வானத்திலிருந்து விழுவது போன்ற அருவி. 1990களுக்கு வந்தால் குரல் கொஞ்சம் அடங்குகிறது. 'என்று கருதப்படுகிறது', 'வேறு கருத்தும் உண்டு' என்ற சொற்கள் வருகின்றன. 1999இல் பாறை அடுக்குகளைப் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு பொருத்தி, உப்புப் படியத் தொடங்கிய காலம் 59.6 லட்சம் ஆண்டு என்று கணித்தார்கள். பிறகு அது 59.7 லட்சம் என்று சற்றே திருந்தியது. கடல் திரும்ப நிரம்பி அது முடிந்த காலம் 53.3 லட்சம். அடுக்கின் நடுவில் இருக்கும் ஒரு நூலை மட்டும் எடுத்து வந்திருந்தால், அருவியும் பாலைவனமும் முடிவான உண்மை என்று நினைத்து அதையே நான் எழுதியிருப்பேன்.

ஒரு நூல் நம்பத் தகுந்ததா என்று பார்க்க எனக்கு இந்தக் கடையில் கிடைத்த இன்னொரு வழி ஒரு சின்னக் கணக்கு. அவர் கொடுத்த ரசீதின் பின்பக்கத்திலேயே போட்டேன். மத்தியதரைக் கடலின் சராசரி ஆழம் சுமார் 1500 மீட்டர். ஒரு கன மீட்டர் நீரில் ஏறத்தாழ 38 கிலோ உப்பு. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மேல் நிற்கும் நீர் முழுவதும் வற்றினால் 57 டன் உப்பு மிஞ்சும். கல் உப்பு ஒரு கன மீட்டர் இரண்டு டன்னுக்குச் சற்று மேல். ஆக உப்பின் கனம் 26 மீட்டர். ஆனால் அந்தக் கடலின் ஆழ்ந்த பகுதிகளில் கிடக்கும் உப்பு அடுக்கின் கனம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மேட்டுப் பகுதி உப்பெல்லாம் பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக் கொண்டாலும் கணக்கு ஒத்து வராது. ஒரு தடவை வற்றினால் இவ்வளவு உப்பு வராது. அட்லாண்டிக் நீர் திரும்பத் திரும்ப உள்ளே வந்திருக்க வேண்டும், அல்லது வழி முழுக்க அடைபடாமல் நெடுங்காலம் கசிந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். மொத்த உப்பு சுமார் 10 லட்சம் கன கிலோமீட்டர் என்கிறார்கள், உலகக் கடல்கள் எல்லாவற்றிலும் கரைந்திருந்த உப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. இந்த இடத்தில் நின்று 'எப்படி?' என்று கேட்கும் நூலை நான் வாங்கினேன். 'கடல் வற்றியது, உப்பு மிஞ்சியது' என்று ஒரே வரியில் தாண்டிப் போகும் நூலை, அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுக்கிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று அஸ்வான் உயர் அணையிலிருந்து வருகிறது. எகிப்தில் 1960களில் அந்த அணையைக் கட்டும்போது, அடித்தளம் பார்க்கப் போட்ட துளைகளில் நைல் நதிக்கு அடியில் ஆழமான குறுகிய பள்ளத்தாக்கு ஒன்று புதைந்து கிடப்பது தெரிந்தது. இன்றைய கடல் மட்டத்துக்கும் கீழே வெட்டப்பட்ட பள்ளம், உள்ளே கடல் வண்டல். கடலிலிருந்து அத்தனை தொலைவில் கடல் வண்டல்! சோவியத் நிலவியலாளர் சுமாகோவ் அதை எழுதினார். நதி சேரும் கடலின் மட்டம் வெகுவாக இறங்கியிருந்தால்தான் நதி அவ்வளவு ஆழமாக அறுக்க முடியும். பிரான்சின் ரோன் நதிக்கு அடியிலும் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. அணை கட்ட வந்தவர்களுக்குக் கடல் வற்றியதா இல்லையா என்பதில் எந்த அக்கறையும் கிடையாது. யாருக்கும் சாதகமாகப் பேச வேண்டிய தேவை இல்லாமல் வேறு காரியத்துக்காகத் தோண்டியவர்கள் கண்டது, கப்பலில் போனவர்கள் கண்டதோடு ஒத்துப்போகிறது. இதைத்தான் இரண்டு சான்று என்று சொல்ல வேண்டும். இது இருந்த நூலை அண்ணாதான் தேடி எடுத்துக் கொடுத்தார். அணைக்கட்டுப் பொறியியல் பற்றிய நூல் அது, நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, பென்சில் வருடத்தை அப்படியே நம்பிவிட முடியாது. ஒரு தடிமனான கடலியல் நூலில் 1984 என்று எழுதியிருந்தார். 180 ரூபாய் கொடுத்து வாங்கிப் போய்ப் படித்தால், மத்தியதரைக் கடல் பகுதியில் 1970 துளைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பதினான்கு வருடம் கழித்து வந்த நூலில் அது எப்படி விட்டுப்போகும் என்று முன் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 1984 என்பது மறு அச்சின் வருடம். நூலை எழுதியது 1968இல். உள்ளே ஒரு வரி மாறவில்லை. அடுத்த முறை போனபோது காட்டினேன். அண்ணா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, '1968, மறு அச்சு 1984' என்று எழுதி, புத்தகத்தை இடது பக்கம் கொண்டு போய் வைத்தார். 180 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அடுக்கு முழுவதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறார். பாதிக்கு மேல் முடித்துவிட்டார். இன்னும் முடியாத மேல் வரிசையில் வாங்குகிறவர்கள் முதல் பதிப்பு வருடத்தை நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, அறிவியல் அடுக்கு ஏறக்குறைய 2005இல் நின்றுவிடுகிறது. பழைய வீடுகளிலிருந்து வருவதுதான் சரக்கு என்பதால் அது அப்படித்தான் இருக்கும். ஆனால் கடலின் கதை அங்கே நிற்கவில்லை. 2009இல் ஸ்பெயின் ஆய்வாளர் கார்சியா காஸ்தெயானோஸ் குழுவினர், நீர் எப்படித் திரும்ப நிரம்பியது என்று கணக்கிட்டார்கள். செங்குத்தான அருவி இல்லை, நீரிணை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் நீளம் சரிந்து இறங்கும் ஒரு கால்வாய். உச்சத்தில் விநாடிக்கு 10 கோடி கன மீட்டர் அளவில் நீர். கடல் மட்டம் நாளுக்குப் பத்து மீட்டருக்கு மேல் ஏறியிருக்கலாம். இதை எடுத்துச் சொன்ன செய்திகள் எல்லாம் 'இரண்டே ஆண்டில் கடல் நிரம்பியது' என்று எழுதிவிட்டன. ஆய்வின் சுருக்கத்தைப் படித்தால், நீரில் 90 சதவீதம் சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுக்குள் வந்தது என்றும், அதற்கு முன்னால் சிறிய ஒழுக்காகப் பல ஆயிரம் ஆண்டுகள்கூடப் போயிருக்கலாம் என்றும் இருக்கிறது. அந்தப் 'பல ஆயிரம் ஆண்டுகள்' வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அந்தக் கட்டுரை முழுவதும் எனக்குக் கிடைக்கவில்லை, சுருக்கம்தான் கிடைத்தது. அதனால் சுருக்கத்தில் இருந்ததற்கு மேல் என் கட்டுரையில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

இந்தக் குறைக்குக் கடையில் ஒரு மாற்று உண்டு. அண்ணாவின் தங்கை பேரன் மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு லேப்டாப்போடு உள் அறையில் இருப்பான். கல்லூரியில் படிக்கிறான். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி அச்செடுத்துத் தருவான், பக்கத்துக்கு 3 ரூபாய். 2018இல் வந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தான். சிசிலிக்குக் கிழக்கே, கடலுக்கு அடியில் இருக்கும் மால்டா சரிவின் அடிவாரத்தில், அந்தப் பெருவெள்ளம் கொண்டு வந்து தள்ளியது என்று கருதத்தக்க பெரிய வண்டல் குவியல் இருப்பதை அது சொல்கிறது. 2024இல் வந்த இன்னொன்று உப்பில் இருக்கும் குளோரின் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட குளோரின் அணுக்களை) அளந்து, கடலின் கிழக்குப் பகுதியில் மட்டம் 1.7 முதல் 2.1 கிலோமீட்டர் வரை இறங்கியது, மேற்கில் சுமார் 850 மீட்டர் இறங்கியது என்கிறது. கடல் அவ்வளவு வற்றவில்லை, ஆழமான உப்பு நீர் நிறைந்தே இருந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதையும் கேட்டு வாங்கிக் கொண்டேன். தம்பி தேடும்போது ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லி வைக்க வேண்டும்: செய்தித் தளம் வேண்டாம், ஆய்வை எழுதியவர்கள் பெயரும் எந்த இதழில் வந்தது என்பதும் இருக்கிற பக்கம்தான் வேண்டும். சொன்னால் ஒழுங்காகச் செய்கிறான். சொல்லாவிட்டால் முதலில் வருவதை அச்செடுத்துவிடுவான். எனக்கு ஒருமுறை பன்னிரண்டு பக்கம் அப்படி வீணானது.

மேசை மேல் தாள் பறக்காமல் இருக்க அண்ணா ஒரு கல்லை வைத்திருக்கிறார். சுருண்ட நத்தை போன்ற வரிகள், உள்ளங்கை அளவு. அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரியின் படிமம். அரியலூர்ப் பக்கத்திலிருந்து யாரோ கொண்டு வந்து கொடுத்ததாம். அந்த வட்டாரம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் கடலாக இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர்கள் அங்கே வந்து படிமங்கள் சேகரித்தார்கள். நம்முடைய குன்னூர்ப் பாறை அதையெல்லாம் விட மிக மூத்தது. 250 கோடி ஆண்டுப் பழைய சார்னோகைட், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறை, அதில் எந்தக் கிளிஞ்சலும் கிடைக்காது. அந்தக் கல்லைக் கையில் எடுத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று எதுவும் அதோடு இல்லை. கல் உண்மையானதுதான், ஆனாலும் அதை வைத்து ஒரு வரி எழுத முடியாது. இத்தனை புத்தகத்துக்கும் ஊர் எழுதி வைத்தவர், அந்தக் கல்லுக்கு எழுத முடியாமல் போனதை இன்றும் வருத்தமாகத்தான் சொல்கிறார்.

குமரிக் கண்டம், லெமூரியா நூல்களைத் தேடி வருகிறவர்களும் நிறையப் பேர். அதற்கென்று தனி அடுக்கு இருக்கிறது, அதுவும் வருடப்படிதான். நான் பார்த்தவரை மிக உதவியான அடுக்கு அதுதான். 1864இல் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர்களையும் இந்தியாவில் இருக்கும் அவற்றின் உறவினங்களையும் இணைக்க ஒரு மூழ்கிய நிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது 1960களில் உறுதியான பிறகு அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போனது. அடுக்கில் 1970க்குப் பிறகு வந்த நூல்களிலும் பல ஸ்கிலேட்டரை மட்டும் எடுத்துக் கொண்டு அங்கேயே நிற்கின்றன. சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது, இலங்கையும் தமிழகமும் ஒரே நிலமாக இருந்தன, பிறகு கரை உள்ளே வந்தது. இது நிலவியல் சொல்வது. நம் பழைய இலக்கியம் கடல்கோளைப் பேசுகிறது. நம் மக்கள் எதை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அது பெரிய சான்று, நான் அதை மதிக்கிறேன். கடலடிப் பாறையின் வயதை மட்டும் பாறையிடம்தான் கேட்க வேண்டும். வாங்க வந்த ஒரு கல்லூரிப் பையனிடம் இதைச் சொல்லிக் கொண்டிருந்தபோது அண்ணா குறுக்கே பேசவே இல்லை. அவன் கேட்ட புத்தகத்தோடு, பக்கத்தில் இருந்த கடல் மட்டம் பற்றிய நூலையும் எடுத்து வைத்து, இரண்டையும் அரை நாள் உட்கார்ந்து படிக்கச் சொன்னார்.

உட்கார்ந்து படிக்க நாளுக்கு 30 ரூபாய். ஏதாவது வாங்கினால் அந்த 30ஐக் கழித்துக் கொள்கிறார். தமிழ் நூல்கள் 30 முதல் 80 ரூபாய், ஆங்கிலத்தில் கெட்டி அட்டை நூல்கள் 150க்கு மேல். ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை திரும்பும். பணமாகத்தான் வாங்குவார். உள் அறையில் வெளிச்சம் போதாது, கண் கண்ணாடி போட்டவர்கள் வாசல் பக்க பெஞ்சைப் பிடித்துக் கொள்ளுங்கள். ஈரம் ஏறாமல் இருக்க அலமாரிக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரிகிறது, நாப்தலீன் உருண்டை வாசனை பலமாக இருக்கும். அப்படியும் கீழ் வரிசைப் புத்தகங்களில் பூஞ்சை வந்திருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதிக நேரம் இருக்க வேண்டாம். மூட்டு வலி உள்ளவர்களுக்குப் படிகள் சிரமம், கைப்பிடி ஒரு பக்கம்தான். பதினொன்றரைக்கு எதிர்க்கடையிலிருந்து டீயும் வர்க்கியும் வரும், அங்கே இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்வார்.

என் திருத்திய கட்டுரை சென்ற வருடம் ஜூன் இதழில் வந்தது. 53.3 லட்சம், 14 கிலோமீட்டர், அருவிக்குப் பதில் சரிவான கால்வாய், எவ்வளவு வற்றியது என்பதில் இன்னும் ஒரு முடிவு வரவில்லை என்ற செய்தி. கூடலூர் மாணவிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அண்ணாவுக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, முதல் பக்கத்தின் மூலையில் வருடத்தை எழுதி, 'கோத்தகிரி, எழுதியவரே கொடுத்தது' என்று குறித்து, வலது கோடியில் செருகினார். என் பழைய கட்டுரை வந்த இதழும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். தயக்கமாகத்தான் இருந்தது, ஆனால் கொடுத்தேன். அதன் மூலையில் 'திருத்தம் அடுத்த வருட இதழில்' என்று எழுதி அதற்கு முன்னால் வைத்திருக்கிறார். இரண்டும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று பூஞ்சைக்கு.

காலை பத்து முதல் மாலை ஆறு வரை, புதன்கிழமை விடுமுறை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை போவதானால் முதல் நாளே விசாரித்துக் கொள்ளுங்கள். அண்ணா பர்லியாரிலிருந்து வருகிறார், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அன்று கடை திறக்காது.